சைக்கிளுக்கு மூடப்பட்ட மலைப்பாதை: மனு கொடுப்பதா, உரிமை கோருவதா?

கேள்வி: வணக்கம் ஐயா. இங்கிலாந்தில் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவை ஒட்டி வசிக்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து சைக்கிள் குழு நடத்துகிறோம். ஞாயிறுதோறும் நாங்கள் போகும் ஒரு பாதை மேட்டுநிலத்தின் குறுக்கே செல்கிறது. எங்களுக்கு முன்பும் பலர் அதில் ஆண்டுக்கணக்கில் சைக்கிளில் போயிருக்கிறார்கள். சென்ற இலையுதிர் காலத்தில் நிலத்தை நிர்வகிப்பவர்கள் கேட்டைப் பூட்டி, 'சைக்கிளுக்கு அனுமதி இல்லை, மீறுவோர் மீது வழக்குத் தொடரப்படும்' என்று பலகை வைத்துவிட்டார்கள். நடப்பவர்களுக்குப் பக்கத்தில் சின்ன வழி விட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் அது நடைபாதை என்றுதான் இருக்கிறது. தேசியப் பூங்கா என்றால் பொதுச்சொத்துதானே? ஐயாயிரம் கையெழுத்து வாங்கி மனு கொடுக்கவும், ஒரு நாள் நூறு பேராக அந்தப் பாதையில் சைக்கிள் ஊர்வலம் போகவும் நினைக்கிறோம். சட்டச் சிக்கல் வருமா? குழுவில் இருவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள்.

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கையெழுத்து வேட்டையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். உங்களிடம் அதைவிட வலுவான ஒன்று இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் 'பொதுச்சொத்து' விஷயம். தேசியப் பூங்கா என்று அறிவித்தால் நிலம் அரசுக்குப் போய்விடாது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட் முதல் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோதும் நிலத்தின் உரிமையாளர்கள் மாறவில்லை. பெரும்பகுதி இன்றும் தனியாரிடமும் அறக்கட்டளைகளிடமும் நிறுவனங்களிடமும்தான் இருக்கிறது. அதனால் 'எங்கள் வரிப்பணம்' என்ற வாதம் சட்டத்தின் முன் எடுபடாது. நீங்கள் யார் நிலத்தில் போகிறீர்கள், எந்த உரிமையில் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சைக்கிளுக்கு உரிமை உள்ள இடங்கள் குறைவு. 1968ஆம் ஆண்டு கிராமப்புறச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, குதிரைப் பாதைகளில் (பிரிடில்வே) சைக்கிள் ஓட்டும் உரிமையைக் கொடுத்தது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. ரிஸ்ட்ரிக்டட் பைவே (மோட்டார் வண்டிக்கு இடமில்லாத பொதுவழி), பைவே (மோட்டார் வண்டியும் போகக்கூடிய பொதுவழி) என்ற வகைப் பாதைகளிலும் போகலாம். வெறும் நடைபாதையில் (ஃபுட்பாத், அதாவது நடப்பவர்களுக்கு மட்டுமான பொதுவழி; சாலையோர நடைமேடையைச் சொல்லவில்லை) உரிமை கிடையாது. இங்கிலாந்தின் பொதுப்பாதை வலையமைப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் சைக்கிளுக்குத் திறந்திருக்கிறது. அண்டையில் இருக்கும் ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்பாக நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் சைக்கிளில் போகலாம் என்கிறது. எல்லையைத் தாண்டினால் சட்டமே மாறிவிடுகிறது. இது சரியில்லை என்று நானும் நம்புகிறேன். ஆனால் நாடாளுமன்றம் அதை மாற்றும்வரை உங்கள் பாதை காத்திருக்க வேண்டியதில்லை.

பலகையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது பொதுவாகக் குற்றமல்ல. அது நில உரிமையாளருக்கு எதிரான அத்துமீறல், அதாவது சிவில் விவகாரம். அவர் தடையுத்தரவு கேட்கலாம், சேதம் இருந்தால் இழப்பீடு கேட்கலாம், போலீஸ் வழக்குப் போட முடியாது. அந்த இடத்துக்கென்று துணைவிதியோ (பொது அமைப்பு தன் இடத்துக்கு இயற்றும் விதி) போக்குவரத்து உத்தரவோ இருந்தால் மட்டும் கதை வேறு. நிர்வகிப்பது பொது அமைப்பு என்றால் துணைவிதி இருக்க வாய்ப்பு உண்டு. அதன் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வரைபடத்தில் நடைபாதை என்று இருப்பதால் அது நடைபாதை மட்டுமே என்று ஆகிவிடாது. கவுன்சில் வைத்திருக்கும் அதிகாரபூர்வ வரைபடம், அதில் காட்டப்பட்டுள்ள உரிமை இருக்கிறது என்பதற்கு முடிவான சான்று. அதற்கு மேல் வேறு உரிமை இல்லை என்பதற்கு அது சான்றே அல்ல. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 31ஆவது பிரிவுப்படி, பொதுமக்கள் ஒரு வழியை 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையோடு பயன்படுத்தியிருந்தால் உரிமையாளர் அதைப் பொதுவழியாக அர்ப்பணித்துவிட்டார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். சைக்கிள் பயன்பாடும் இதில் சேரும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தெளிவாக்கியது. அது நிரூபணமானால் உங்கள் பாதை ரிஸ்ட்ரிக்டட் பைவே ஆகும். நடப்பவர், குதிரை, சைக்கிள், குதிரைவண்டி எல்லாம் போகலாம், மோட்டார் வண்டி போக முடியாது.

'உரிமையோடு' என்றால் வன்முறை இல்லாமல், ஒளிந்து மறைந்து இல்லாமல், அனுமதி கேட்டுப் பெறாமல். கடைசியில் சொன்னதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் குழு எப்போதாவது நிலக்காரருக்கு எழுதி 'இந்த ஞாயிறு போகலாமா' என்று கேட்டு அவரும் சரி என்றிருந்தால், அந்தப் பயணங்கள் கணக்கில் வராது. பூட்டை உடைத்துப் போன பயணங்களும் வராது. ஆகவே அந்தக் கேட்டில் கை வைக்காதீர்கள்.

இந்த 20 ஆண்டுகள், உரிமை கேள்விக்குள்ளான நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும். உங்கள் விஷயத்தில் அது பலகையும் பூட்டும் வந்த நாளாகத்தான் இருக்கும். அந்தப் பலகையைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பிறகு கவுன்சில் அலுவலகத்தில் நில உரிமையாளர்கள் தாக்கல் செய்த அறிவிப்புகளின் பதிவேட்டைப் பாருங்கள். 'எந்தப் புதிய வழியையும் அர்ப்பணிக்கும் எண்ணம் எனக்கில்லை' என்று உரிமையாளர் இடையில் முறைப்படி அறிவித்திருந்தால், எண்ணிக்கை அந்த நாளில் நின்றுவிடும். அதற்கு முந்தைய 20 ஆண்டுகளை நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். இந்த ஒரு தேடலுக்குப் பிறகுதான் உங்கள் வழக்கின் பலமே தெரியும், அதனால் இதை முதலில் செய்யுங்கள்.

அப்புறம் சாட்சியம். உங்கள் குழு மட்டும் போதாது, 'பொதுமக்கள்' என்று சொல்லும் அளவுக்குப் பரந்த ஆட்கள் வேண்டும். உள்ளூர்ப் பெரியவர்கள், பழைய சைக்கிள் சங்கத்தினர், அந்த வழியே பள்ளிக்குப் போன பிள்ளைகள் என்று தேடுங்கள். கவுன்சிலின் சாட்சியப் படிவத்தை ஒவ்வொருவரும் தனித்தனியாக, தன் கையால், தன் நினைவிலிருந்து நிரப்ப வேண்டும். 'பல வருடமாக அடிக்கடி போவோம்' என்று எழுதினால் அது வெறும் காகிதம். '2003 முதல் 2019 வரை, மாதம் இரண்டு ஞாயிறு, வடக்குப் பக்க மரக் கேட் வழியாக நுழைந்து ஓடைப் பாலத்தில் வெளியேறினேன். கேட் பூட்டியிருந்ததை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நில மேலாளர் இருமுறை எதிரே வந்தார், கையசைத்துவிட்டுப் போனார். 2012 கோடையில் பாலம் பழுதானபோது மட்டும் சுற்றிப் போனேன்' என்று எழுதினால் விசாரணை அதிகாரி நிமிர்ந்து உட்காருவார். பாதகமான விஷயம் இருந்தாலும் எழுத வேண்டும், மறைத்தது குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் மற்ற எல்லாமும் சந்தேகத்துக்குள்ளாகும். ஒருவர் எழுதியதைப் பார்த்துப் பத்துப் பேர் எழுதினால் பத்தும் வீண். பழைய புகைப்படங்கள், கைப்பேசியில் பதிவான பயணத் தடங்கள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் சேருங்கள்.

பயன்பாட்டுச் சாட்சியம் 20 ஆண்டைத் தொடாவிட்டால் ஆவணங்கள் இருக்கின்றன. 1836ஆம் ஆண்டு தசமபாகச் சட்டத்தின் (விளைச்சலில் பத்திலொரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுக்கும் முறை பற்றிய சட்டம்) கீழ் வரையப்பட்ட வரைபடங்கள், பொதுநிலங்களை வளைத்துத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்த காலத்து ஆணைகள், 1910ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்காகத் தயாரித்த வரைபடங்கள் ஆகியவற்றை மாவட்ட ஆவணக் காப்பகத்திலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் பார்க்கலாம். அவற்றில் உங்கள் பாதை குதிரைப் பாதை என்றோ வண்டிப்பாதை என்றோ நிரூபிக்கப்பட்டால், நூறு ஆண்டுகள் யாரும் போகாமல் இருந்திருந்தாலும் உரிமை அழியாது. இப்படிப் பழைய ஆவணங்களை வைத்து விண்ணப்பிக்க 2026 என்று வைத்த காலக்கெடுவை 2031 ஜனவரி 1க்குத் தள்ளினார்கள். அதையே ரத்து செய்யப்போவதாக 2024 டிசம்பரில் அரசு சொன்னது. அறிவிப்பை நம்பி உட்கார வேண்டாம், கெடு இருக்கிறது என்று எண்ணியே வேலை செய்யுங்கள்.

விண்ணப்பம் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டத்தின் 53ஆவது பிரிவின் கீழ், அந்த அதிகாரபூர்வ வரைபடத்தை வைத்திருக்கும் கவுன்சிலுக்கு (பெரும்பாலும் கவுண்டி கவுன்சில்) போக வேண்டும். பூங்கா ஆணையத்துக்கு அல்ல, பலர் இங்கேயே மாதக்கணக்கில் காலத்தை இழக்கிறார்கள். கட்டணம் இல்லை. நில உரிமையாளருக்கும் அனுபவதாரருக்கும் நோட்டீஸ் கொடுத்ததாகச் சான்று இணைக்க வேண்டும். கவுன்சில்களில் வரிசை நீளம். 12 மாதத்தில் முடிவு வராவிட்டால், முடிவெடுக்கச் சொல்லி உத்தரவிடுமாறு அமைச்சருக்கு விண்ணப்பிக்கலாம். இந்த நடைமுறையில் அவர்கள் பார்ப்பது உரிமை உண்டா இல்லையா என்பதை மட்டும்தான். பாதை சைக்கிளுக்கு நல்லதா, மக்கள் விரும்புகிறார்களா, பறவைகளுக்குத் தொந்தரவா என்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை. ஐயாயிரம் கையெழுத்துக்கு இதில் மதிப்பு பூஜ்யம், இருபது நேர்மையான படிவங்களுக்கு மதிப்பு அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பாதையை விட்டு இறங்கிய திறந்த மேட்டுநிலம் வேறு விவகாரம். 2000ஆம் ஆண்டு கிராமப்புற மற்றும் வழியுரிமைச் சட்டம் அங்கே நடக்க மட்டுமே உரிமை தருகிறது, சைக்கிள் வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கிறது. அதை மீறினால் அந்த உரிமையாளரின் நிலத்தில் 72 மணி நேரத்துக்கு நடந்து போகும் உரிமையைக்கூட இழந்துவிடுவீர்கள். உரிமையாளர் சம்மதித்தால் பூங்கா ஆணையம் இந்தத் தடையைத் தளர்த்தலாம், அல்லது உரிமையாளரே சைக்கிளுக்கும் சேர்த்து நிலத்தைத் திரும்பப் பெற முடியாதபடி அர்ப்பணிக்கலாம். உங்கள் பிரச்சாரத்துக்கும் கையெழுத்துகளுக்கும் உரிய இடம் இதுதான். கவுன்சில் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுஆய்வு செய்ய வேண்டிய வழியுரிமை மேம்பாட்டுத் திட்டம், சட்டப்படி அமைந்த உள்ளூர் அணுகல் மன்றம் இரண்டிலும் உங்கள் குரல் பதிவாகட்டும். அங்கே பறவைகளும் பேச்சுக்கு வரும். கர்லூ போன்ற பறவைகள் தரையில்தான் கூடு வைக்கும், கரிச்சேற்று மண் ஒருமுறை பிளந்தால் சேர நெடுங்காலமாகும். மார்ச் முதல் ஜூலை வரை குறிப்பிட்ட தடத்தை விட்டு விலக மாட்டோம், மழைக்குப் பின் ஈரம் வடியும்வரை வரமாட்டோம் என்று நீங்களாகவே எழுதிக் கொடுத்தால் எதிர்ப்பவர்களில் பாதிப் பேர் கேட்கத் தயாராவார்கள். அதை உண்மையாகவே கடைப்பிடிக்கவும் வேண்டும். சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் கொண்ட பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் மேடு கட்டுவதும் தடம் வெட்டுவதும் குற்ற வழக்காகவே முடியலாம்.

நூறு பேர் ஊர்வலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1932இல் உங்கள் பீக் டிஸ்ட்ரிக்டின் கிண்டர் ஸ்கௌட் மலையில், நடக்கும் உரிமை கேட்டு நடந்த கூட்டு அத்துமீறலில் ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள், அவர்கள் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் நிலைமை வேறு. அத்துமீறி நுழைந்து அங்கே நடக்கும் சட்டபூர்வ வேலையைத் தடுக்கும் நோக்கில் ஏதாவது செய்தால், 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், மூன்று மாதம் வரை சிறை உண்டு. ஆடு மேய்ப்பவரின் வண்டியை மறித்தால்கூடப் போலீஸ் அப்படிப் பார்க்கலாம். சிவில் அத்துமீறல் தண்டனைப் பதிவாகாது, இது ஆகும். குடியுரிமை விண்ணப்பத்தில் தண்டனைகளைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த இருவரும் இதில் தள்ளியே இருக்கட்டும். ஊர்வலம் போயே ஆக வேண்டும் என்றால் பக்கத்துக் குதிரைப் பாதையில் போங்கள், அது உங்கள் உரிமை. நேரம் குறித்துப் பந்தயம் மட்டும் வைக்காதீர்கள், பொதுவழியில் அனுமதியில்லாத சைக்கிள் பந்தயமும் குற்றம்.

ஒன்று விட்டுப்போயிற்று. பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தினர் 'சலுகையாக அனுமதிக்கிறோம், இதில் கையெழுத்திடுங்கள்' என்று ஒரு தாளை நீட்டலாம். உடனே கையெழுத்திட வேண்டாம். சலுகைப் பாதை இன்று இருக்கும், நாளை பூட்டப்படும். ஏற்பதாக இருந்தாலும், 'இதற்கு முன் உருவாகியிருக்கக்கூடிய பொது உரிமைக்கு இது பாதகமில்லை' என்ற வரியை எழுத்தில் சேர்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்ததும் எனக்கு எழுதுங்கள், படிவங்களின் வரைவையும் அனுப்புங்கள். விண்ணப்பம் போகும் முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.