சிறந்த பாடல்கள்: பெட்டியாக வாங்குவதா, நாமே தொகுப்பதா?

கேள்வி: ஒரே ராக் இசைக்குழுவை இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அவர்களுடைய பதினோரு ஆல்பங்களில் ஏழு என்னிடம் குறுந்தகடுகளாக உள்ளன. மீதி நான்கையும் மாதச் சந்தா செலுத்தும் ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்கிறேன். இப்போது மூன்று தகடுகள் கொண்ட ‘சிறந்த பாடல்கள்’ பெட்டி ஒன்று வெளியாகியிருக்கிறது. அதில் இதுவரை வெளிவராத பாடல்கள் இரண்டு உள்ளன. பெட்டியை வாங்கலாமா, நானே ஒரு தொகுப்பைச் செய்துகொள்ளலாமா?

பதில்: பெட்டி வேண்டாம், நீங்களே தொகுங்கள். நிறுவனங்கள் வெளியிடும் தொகுப்புகள் மோசமானவை என்று நான் சொல்லவில்லை. ஒரு குழுவை முதன்முதலில் அறிய விரும்புகிறவருக்கு அவற்றைவிட நல்ல வாசல் இல்லை. ஆனால் அவை வேறொரு கணக்கின்படி தொகுக்கப்படுகின்றன. 2000ஆம் ஆண்டு வெளியான பீட்டில்ஸ் குழுவின் ‘1’ என்ற தொகுப்பில் உள்ள 27 பாடல்களும் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தவை என்பதற்காகவே இடம்பெற்றவை. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 2001ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘எக்கோஸ்’, தன் பெயருக்குக் காரணமான இருபத்து மூன்று நிமிடத்துக்கும் மேற்பட்ட பாடலையே ஏறத்தாழ ஏழு நிமிடம் குறைத்துத்தான் சேர்த்துக்கொண்டது. பதினோரு ஆல்பங்களையும் அறிந்த உங்கள் காதுக்கு இப்படிப்பட்ட கணக்குகள் தேவையில்லை.

அந்த இரண்டு புதிய பாடல்கள் தனித்தனியாகத் தரவிறக்கத்துக்குக் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டி முழுவதையும் வாங்கினால் மட்டுமே கிடைக்கும் என்று சில வெளியீடுகளில் பூட்டி வைத்திருப்பார்கள். அப்படியானால் பொறுத்திருப்பதே நல்லது, ஏனெனில் இத்தகைய பாடல்கள் பின்னாளில் தனியாகவும் வெளிவருவதுண்டு. மாறாக, ஆல்பம் எதிலும் சேராமல் ஒற்றைப் பாடலாக மட்டும் வெளிவந்தவற்றைத் தவறவிடாதீர்கள். பீட்டில்ஸ் குழுவுக்கு அப்படிப்பட்ட பாடல்கள் ஏராளமாக இருந்ததால்தான், அவற்றைத் திரட்டி ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ என்று 1988இல் இரண்டு தொகுதிகள் வெளியிட நேர்ந்தது.

அடுத்தது உடைமை பற்றியது. செயலியில் உருவாக்கும் பட்டியலைத் தொகுப்பு என்று நான் கருதுவதில்லை. நிறுவனங்களுக்கிடையேயான உரிம ஒப்பந்தம் முடிந்தால் பாடல் மங்கிப்போய், அழுத்தினாலும் ஒலிக்காமல் நிற்கும். சந்தாவை நிறுத்தினால், செயலிக்குள் தரவிறக்கி வைத்தவையும் திறக்கா. ஆகவே உங்களிடம் இல்லாத நான்கு ஆல்பங்களிலிருந்தும் வேண்டிய பாடல்களை மட்டும், நகல் பூட்டு இல்லாத கோப்புகளாக வாங்குங்கள். இழப்பின்றிச் சுருக்கும் ஃப்ளாக் வடிவம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். குறுந்தகட்டின் ஒலி நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் பிடிக்கும். ஃப்ளாக் அதைப் பெருமளவு குறைத்தாலும் ஒலியில் ஒரு துளியும் இழப்பதில்லை. 320 கிலோபிட் எம்பி3க்கு நிமிடத்துக்கு 2.4 மெகாபைட் போதும். ஆனால் அதில் இழந்தது இழந்ததுதான்.

இனி, தெரிவு. இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இடத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் பிடித்த பாடல்கள் எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறார்கள். கடைசியில் அது குழுவின் மொத்தப் படைப்புகளின் இன்னொரு பிரதியாகிவிடுகிறது. குறுந்தகட்டின் 80 நிமிடத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், தகட்டில் எழுதப் போவதில்லை என்றாலும் கூட. எனக்குப் பிடித்த குழு ஒன்றுக்கு நான் இதைச் செய்தபோது முதல் பட்டியலில் நாற்பத்தாறு பாடல்கள் இருந்தன. பத்தொன்பதாகக் குறைக்க மூன்று வாரம் ஆயிற்று. ஆல்பத்தில் முந்தைய பாடலோடு ஒட்டியே தொடங்கும் ஒரு பாடலைத் தனியே எடுத்தபோது, அதன் முதல் அரை விநாடியில் முந்தைய பாடலின் கிதார் ஒலியின் வால் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கு முன் எதை வைத்தாலும் உறுத்தியது. முடிவில் அந்த இரண்டையும் சேர்த்தே வைத்து, வேறு இரண்டு பாடல்களை நீக்கினேன். நீக்கியவற்றுள் ஒன்று அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற பாடல். அது இல்லாததை நான் ஒருநாளும் குறையாக உணரவில்லை.

கேள்வி: ஒரே பாடல் நான்கு பதிப்புகளாக, வெவ்வேறு நீளத்தில் விற்பனைக்கு இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: முதலில் நீளத்தைப் பாருங்கள். ஆல்பப் பதிப்பைவிடக் குறுகியது பெரும்பாலும் வானொலிக்காக வெட்டப்பட்டதாக இருக்கும். ‘ரீமாஸ்டர்’ என்பது பழைய கலவையையே எடுத்து ஒலியைச் சீர்செய்தது. ‘ரீமிக்ஸ்’ என்பது குரலையும் கருவிகளையும் தனித்தனியாக எடுத்து மறுபடி கலந்தது. இவை எல்லாவற்றையும்விட எச்சரிக்கை தேவைப்படுவது மறுபதிவு. பதிவு நிறுவனத்தோடு உரிமைத் தகராறு ஏற்படும்போது, குழுவினர் தங்கள் பழைய பாடல்களையே புதிதாகப் பாடிப் பதிவுசெய்து விற்பதுண்டு. டிஜிட்டல் விற்பனை வருவாய் தொடர்பான பிணக்கில் டெஃப் லெப்பர்ட் குழு 2012இல் அவ்வாறு செய்தது. நானும் ஒருமுறை மலிவான தொகுப்பொன்றை வாங்கி, வீட்டுக்கு வந்து கேட்ட பிறகே, பின்னட்டையில் பொடி எழுத்தில் ‘மறுபதிவு’ என்று இருந்ததைப் பார்த்தேன். பாடியவர்கள் அதே ஆட்கள்தான். இளமை மட்டும் குரலில் இல்லை. வட்டத்துக்குள் ‘பி’ எழுத்திட்ட குறியின் அருகே உள்ள ஆண்டு, ஒலிப்பதிவு உரிமைக்கு உரியது. எழுபதுகளின் பாடலுக்கு அண்மைய ஆண்டு மட்டும் இருந்தால், முன்னோட்டத்தை முழுதும் கேட்ட பிறகே பணம் செலுத்துங்கள்.

புதிய ரீமாஸ்டர் என்றாலே மேலானது என்றும் நினைக்க வேண்டாம். உரக்க ஒலிக்க வேண்டும் என்பதற்காக மெல்லிய பகுதிகளையும் உயர்த்திவிடும் வழக்கம் தொண்ணூறுகளிலிருந்து வேரூன்றிவிட்டது. 2008இல் வெளியான மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பத்தைவிட, வீடியோ விளையாட்டில் வந்த அதே பாடல்கள் தெளிவாக இருந்ததாக ரசிகர்கள் முறையிட்டார்கள். உங்களிடம் பழைய குறுந்தகடு இருந்தால் இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்து ஒப்பிட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

கேள்வி: என் தொகுப்பைத் தகட்டில் எழுதினால் பாடல்களுக்கிடையே மௌனம் விழுகிறது, ஒரு பாடல் மெதுவாகவும் அடுத்தது அலறலாகவும் கேட்கிறது.

பதில்: எழுதும் மென்பொருள் தானாகவே இரண்டு விநாடி இடைவெளி விடுகிறது, அதைச் சுழியமாக்கி, தகடு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒலியளவைச் சமன்செய்ய, ரீப்ளே கெயின் வசதியுள்ள மென்பொருள் பாடலின் சராசரி உரப்பை அளந்து ஒரு குறிப்பாக எழுதி வைக்கும். கோப்பின் ஒலி மாறாது, இசைக்கும்போது மட்டும் அளவு கூடும் அல்லது குறையும். தகட்டில் அந்தக் குறிப்பு வேலை செய்யாது என்பதால், எழுதும்போதே அளவைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மூலக் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் வைத்திருங்கள். வீட்டில் எழுதிய தகட்டின் சாயப்பூச்சு காலப்போக்கில் வெளிறும்.