திமிங்கிலத்தின் பங்காளி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேசிலோசாரஸ் என்ற பழங்காலத் திமிங்கிலத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில், திமிங்கிலங்களுக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு நீர்யானை என்று எழுதியிருந்தீர்கள். நீர்யானையிலிருந்து பேசிலோசாரஸ், அதிலிருந்து நீலத்திமிங்கிலம் என்று இதை வரிசைப்படுத்திக்கொள்ளலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வரிசைப்படுத்த முடியாது. உறவு என்ற சொல்லை விளக்காமல் விட்டது என் பிழை. நீர்யானை திமிங்கிலத்துக்குப் பங்காளி. பாட்டன் ஒருவர், கிளைகள் இரண்டு. திமிங்கிலக் கிளையின் புதைபடிவங்கள் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமை உடையவை. நீர்யானைக் குடும்பத்தின் படிவங்களுக்கோ அதில் பாதி வயதுகூட இல்லை. இளையவர் மூத்தவரைப் பெற்றிருக்க முடியாது.

பேசிலோசாரஸும் பாட்டன் அல்ல, பெரியப்பா முறைதான் ஆகவேண்டும். முதுகெலும்புக் கண்ணிகள் ஒவ்வொன்றும் அளவுமீறி நீண்டு, 15 மீட்டருக்கும் மேற்பட்ட பாம்புபோன்ற உடலாக அது வளர்ந்தது. அந்த அமைப்பு இன்றைய எந்தத் திமிங்கிலத்திலும் தொடரவில்லை. அமெரிக்காவில் கிடைத்த எலும்புகளை 1834இல் ஆராய்ந்த ரிச்சர்ட் ஹார்லன் அதைக் கடல் ஊர்வன என்று கருதி 'அரசப் பல்லி' என்ற பொருளில் பெயரிட்டார். அதன் பற்களில் இரட்டை வேர்களைக் கண்ட ரிச்சர்ட் ஓவன், 1839இல் அது பாலூட்டி என்று காட்டி வேறு பெயரும் சூட்டினார். முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது விலங்கியல் விதி என்பதால், பாவம், அது இன்னமும் பல்லியாகவே அழைக்கப்படுகிறது.

நீர்யானை உறவு உறுதியான கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. புதைபடிவ ஆய்வாளர் பிலிப் ஜிஞ்சரிச்சின் குழு, எகிப்தின் வாடி அல் ஹிதான் பாலைவனத்தில் பேசிலோசாரஸின் பின்னங்கால்களைக் கண்டெடுத்து 1990இல் வெளியிட்டது. முழங்காலும் விரல்களும் இருந்தன, ஆனால் அத்தனை பெரிய உடலை அவை தாங்கியிருக்க வழியில்லை. அப்போதும் அவர், மீசோனிக்கிட் என்ற அழிந்துபோன ஊனுண்ணிகளே திமிங்கிலத்தின் முன்னோர் என்று நம்பினார். நீர்யானையைச் சுட்டிய மரபணு ஆய்வுகளை ஏற்கவில்லை. பிறகு பாகிஸ்தானில், பேசிலோசாரஸைவிடத் தொன்மையான திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகள் கிடைத்தன. மாடு, பன்றி, நீர்யானை போன்ற இரட்டைப்படைக் குளம்பிகளுக்கே உரிய, இருபுறமும் கப்பிபோல் குழிந்த எலும்பு அவற்றில் இருந்தது. 2001இல் அதை வெளியிட்டபோது, ஜிஞ்சரிச் தம் பழைய கருத்தைத் தாமே கைவிட்டார்.