வகைமை நாவல்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தீவிர இலக்கியம் மட்டுமே வாசித்துவந்த நான், தங்கள் கட்டுரைகளின் தூண்டுதலால் துப்பறியும் கதை, திகில் கதை, அறிவியல் புனைவு எனப் புகழ்பெற்ற வகைமை நாவல்கள் நான்கைக் கடந்த மூன்று மாதங்களில் வாசித்தேன். ஒளிவுமறைவின்றிச் சொல்வதானால், நான்குமே என்னை ஏமாற்றின. அகதா கிறிஸ்டியின் ‘த மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ வாசகருக்குச் செய்யப்பட்ட மோசடி. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ கோட்டையை விட்டு வெளியே வந்ததும் சோர்ந்துவிடுகிறது. ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ நூலில் வாதங்கள் உள்ளன, மனிதர்கள் இல்லை. உர்சுலா லெ குவினின் ‘த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ ஆண், பெண் என்ற நிலையான பால் இல்லாத மக்களைப் பற்றியது என்கிறார்கள். எல்லோரையும் ‘அவன்’ என்றே சொல்வதால் என் கண்ணுக்கு ஆண்கள் மட்டுமே தெரிந்தார்கள். வகைமை எழுத்து என்பதற்காக இக்குறைகளை மன்னிக்க வேண்டுமா?

தங்கள் வாசகர்,
எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

மன்னிக்க வேண்டியதில்லை. துப்பறியும் கதைதானே, அறிவியல் புனைவுதானே என்று சலுகை காட்டுவது அந்த எழுத்தை அவமதிப்பதாகும். ஆனால் தங்கள் நான்கு தீர்ப்புகளில் ஒன்றை முழுமையாக மறுக்கிறேன். கிறிஸ்டியின் நாவலை வாசிக்காதவர்கள் அடுத்த இரு பத்திகளைத் தாண்டிச் செல்லுமாறு வேண்டுகிறேன்.

1926-இல் வெளிவந்த அந்த நாவலில் கதையை எழுதிச் செல்லும் மருத்துவர் ஷெப்பர்டே கொலையாளி. அவர் நம்மிடம் பொய் சொன்னதாகத் தாங்கள் கருதுகிறீர்கள். கொலை நடந்த இரவைப் பற்றிய பகுதியை மீண்டும் பாருங்கள். 8.40-க்கு அக்ராய்டின் அறைக்குக் கடிதம் வருகிறது, 8.50-க்கு ஷெப்பர்ட் அங்கிருந்து கிளம்புகிறார். கதவின் கைப்பிடியில் கைவைத்தபடி, செய்யாமல் விட்டது ஏதேனும் உண்டா என்று திரும்பிப் பார்க்கிறார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. இடையிலுள்ள பத்து நிமிடங்கள் நம் கண்ணெதிரேயே காலியாகக் கிடக்கின்றன. நாம்தான் கேள்வி கேட்காமல் கடந்துபோனோம்.

ஏன் கடந்துபோனோம் என்பதில்தான் வகைமையின் பலம் இருக்கிறது. துப்பறிபவருக்குத் துணையாக இருந்து கதை சொல்பவர் நம்பத்தக்கவர் என்பதை ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பரான வாட்சன் வாசகர்களுக்குப் பழக்கியிருந்தார். அவரும் மருத்துவர் என்பதை மறந்துவிடக்கூடாது. முன்னோர் நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த அந்த நம்பிக்கையைக் கருவியாக எடுத்துக்கொண்டதே கிறிஸ்டியின் சாதனை. துணைவர் தம் எண்ணங்களை வாசகரிடம் மறைக்கக்கூடாது என்று துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ் 1929-இல் விதி வகுத்தார் என்பதிலிருந்தே இந்த வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது புரியும். தாங்கள் வாட்சனிடம் பழகாமல் நேரடியாக ஷெப்பர்டிடம் வந்திருக்கிறீர்கள். எனவே அந்த முடிவு தங்களுக்கு வெறும் ஏமாற்றாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஹோம்ஸ் கதைகளில் பத்தை வாசித்துவிட்டு இந்நாவலுக்குத் திரும்ப வேண்டுகிறேன்.

‘ஃபவுண்டேஷன்’ பற்றித் தாங்கள் சொன்னது சரி. அதன் ஐந்து பகுதிகளில் நான்கு, 1942 முதல் 1944 வரை ஓர் இதழில் தனித்தனிக் கதைகளாக வந்தவை. அதனால் பாத்திரங்கள் வளர இடமே இல்லை. ‘டிராகுலா’ பற்றிய கருத்தையும் பெரும்பாலும் ஏற்கிறேன். முதல் நான்கு அத்தியாயங்களின் உயரத்தை அந்நாவல் பிறகு எட்டவேயில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நாட்குறிப்புகள், கடிதங்கள், ஒலிப்பதிவுகள் என எல்லோருடைய குரலும் பதிவாகியுள்ள அந்த நூலில், தொடக்கத்தில் வரும் ஒரு சிறு வரவேற்புக் கடிதத்தைத் தவிர டிராகுலா தன் கையால் எழுதிய பக்கம் என்று எதுவும் இல்லை. அவன் மனத்துக்குள் நாம் ஒருபோதும் அனுமதிக்கப்படுவதில்லை. பிற்பகுதியில் எஞ்சியிருக்கும் அச்சம் முழுவதும் அந்த மௌனத்திலிருந்தே வருகிறது.

1969-இல் வந்த லெ குவினின் நாவல் குறித்த தங்கள் குற்றச்சாட்டு மிக முக்கியமானது. அதை ஆசிரியரே பின்னாளில் ஏற்றுக்கொண்டார். ‘அவன்’ என்ற சொல்லை 1976-இல் ஒரு கட்டுரையில் நியாயப்படுத்திய அவர், பிற்பாடு அக்கட்டுரைக்குத் தாமே எழுதிய குறிப்புகளில் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். வேற்றுலகத் தூதராக வரும் கென்லி ஆய் ஓர் ஆண். எதிரே நிற்பவரிடம் உள்ள பெண்ணைக் காணமுடியாத அவருடைய குறைபாடும் அச்சொல்லில் இருக்கிறது என்று வாதிடலாம். அந்த வாதம் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை.

தமிழில் மொழிபெயர்த்தால் ‘அவர்’ என்ற சொல் இச்சிக்கலைத் தீர்த்துவிடும் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். ‘வந்தார்’ என்றால் வந்தவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். அரசவைக் காட்சிகளுக்கு அது மிகப் பொருத்தம். ஆனால் கென்லியும் நிலையான பால் இல்லாத அம்மக்களில் ஒருவரான எஸ்ட்ராவெனும் பனிவெளியைக் கடக்கும் பகுதிக்கு வரும்போது என் நம்பிக்கை உடைந்தது. வாரக்கணக்கில் ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே அடுப்பில் குளிர்காய்ந்து, ஒருவரையொருவர் அறிந்துகொண்ட இருவர் அவர்கள். நெருக்கம் வந்த பிறகு தமிழ் ‘அவர்’ என்று சொல்லாது. ‘அவன்’ அல்லது ‘அவள்’ என்றே சொல்லும். மரியாதைத் தொலைவில் நிற்கும்வரைதான் நம் மொழி ஒருவரின் பாலைக் கேட்காமல் இருக்கிறது. அன்பு கொண்டதும் கேட்டுவிடுகிறது. எஸ்ட்ராவெனை எச்சொல்லால் அழைப்பது என்று எண்ணி அந்த அத்தியாயங்களை மூன்று முறை வாசித்திருக்கிறேன், விடை கிடைக்கவில்லை. லெ குவின் எத்தனை கடினமான இடத்தில் கைவைத்தார் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அதன்பின் அவர் தேர்ந்த சொல்லைக் குறை கூறும்போது என் குரல் தானாகவே தணிந்துவிடுகிறது.

பனிவெளி அத்தியாயங்களை மட்டுமாவது தாங்கள் மீண்டும் வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது எஸ்ட்ராவெனைத் தங்கள் மனம் தமிழில் எந்தச் சொல்லால் குறித்தது, எந்த இடத்தில் அது மாறியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.