கினிப்பன்றியின் பெயரில் கடல் எப்படி வந்தது? ஜெர்மன் சொற்பிறப்புக் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். ஜெர்மன் வகுப்பில் கினிப்பன்றியை 'மேர்ஷ்வைன்ஷென்' என்றார்கள். மேர் கடல், ஷ்வைன் பன்றி. அந்தப் பிராணிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: வணக்கம். முதலில் அந்தப் பெயர் அதற்குரியதே இல்லை. பழைய உயர் ஜெர்மனில், அதாவது ஜெர்மன் மொழியின் மிகப் பழைய வடிவத்தில், 'மெரிஸ்வீன்' என்றால் டால்பின், அதற்கு உறவான கடற்பன்றி போன்ற கடல் விலங்குகள்தான். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் தென் அமெரிக்காவிலிருந்து கினிப்பன்றியைக் கொண்டுவந்தார்கள். பன்றிக்குட்டி மாதிரிக் கீச்சிடும், கடல் தாண்டி வேறு வந்திருக்கிறது. 'சிறிய' என்று பொருள் தரும் 'ஷென்' விகுதியைச் சேர்த்துப் பழைய பெயரையே அதற்குக் கொடுத்துவிட்டார்கள். நாமும் அதைச் சீமைப்பெருச்சாளி என்றுதானே சொன்னோம்! அங்கே கடல், இங்கே சீமை.

கேள்வி: சரி, டால்பினைப் போய் ஏன் பன்றி என்றார்கள்?

பதில்: உருண்ட உடம்பு, தோலுக்கடியில் தடித்த கொழுப்பு. லத்தீன்காரர்களுக்கும் இதே எண்ணம்தான். கடற்பன்றிக்கு ஆங்கிலத்தில் உள்ள 'போர்பஸ்' என்ற பெயர் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலம் 'பன்றி மீன்' என்ற லத்தீன் தொடர்.

கேள்வி: பிரெஞ்சில் 'மார்ஸ்வேன்' என்கிறார்களே, அதுவும் இதுதானா அண்ணா?

பதில்: ஆமாம் தம்பி, ஜெர்மானிய மொழிக்குடும்பத்திலிருந்து கடன் வாங்கியது. டேனிஷ் இன்னும் சுவையானது. அங்கே 'மார்ஸ்வின்' என்றால் இன்றும் கடற்பன்றி, கினிப்பன்றி இரண்டுமே. எதைச் சொல்கிறார்கள் என்பதைப் பேச்சை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: அப்போ ஜெர்மானியர்கள் இப்போது கடற்பன்றியை எப்படி அழைக்கிறார்கள்?

பதில்: 'ஷ்வைன்ஸ்வால்', அதாவது பன்றித் திமிங்கலம். நடுவில் வரும் 'ஸ்' வெறும் இணைப்பொலி, தனிப்பொருள் கிடையாது. வட கடல், பால்டிக் கடல் இரண்டிலும் ஜெர்மன் கரையோரமாக வாழ்கிற விலங்கு இது.

கேள்வி: கடல்நாயை 'ஸேஹுன்ட்' என்பதும் அப்படித்தானே? ஸே கடல், ஹுன்ட் நாய்.

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த சொல் இது, ஏனென்றால் இதில் கடலே கிடையாது! நடுக்கால வட ஜெர்மனில் அது 'ஸேல்ஹுன்ட்'. 'ஸேல்' என்றாலே கடல்நாய். ஆங்கிலத்தின் 'ஸீல்' அதே வேரில் பிறந்தது. அந்தப் பழைய சொல்லின் பொருள் மறந்துபோனபின், 'ல்' உதிர்ந்த மிச்சத்தை மக்கள் 'ஸே', அதாவது கடல், என்று புரிந்துகொண்டார்கள். அதனால் கூட்டுச்சொல்லை இரண்டாகப் பிரித்தவுடனே பொருள் சொல்லிவிடாதீர்கள். அது பழைய ஏடுகளில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.