இறாலை ஓட்டோடு சமைப்பதா, உரித்துச் சமைப்பதா?

வீட்டில் இறால் சமைக்கும்போது ஓட்டை உரிக்க வேண்டுமா, அப்படியே போடலாமா, ஒவ்வொரு முறையும் ரப்பர் மாதிரி ஆகிவிடுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இறால் ரப்பர் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் அடுப்பில் கிடக்கும் நேரம். ஓடு என்பது மணமும் ருசியும் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

நான் நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி ஈரோட்டுக்கு வந்து 18 வருடம் ஆகிறது. ஊரில் இறால் என்றால் காலையில் வாங்கி மதியம் சாப்பிட்டுவிடுவோம். இங்கே ஐஸ் பெட்டியில் வருவதுதான். வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை இரவு ஒரு கிலோ வாங்கி, தலையோடு அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். மறுநாள் எடுத்தால் தலைப்பக்கத்துச் சதை குழைந்து மாவாக இருந்தது. அப்புறம்தான் காரணம் புரிந்தது. இறாலின் தலைக்குள் செரிமான உறுப்பு இருக்கிறது. இறால் செத்ததும் அதிலுள்ள நொதிகள் கசிந்து பக்கத்துச் சதையைக் கரைக்க ஆரம்பித்துவிடும். ஆகவே வாங்கி இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சமைக்கப் போவதில்லை என்றால், முதல் வேலையாகத் தலையைக் கிள்ளிவிடுங்கள். ஓடு உடம்பில் இருந்தால் பரவாயில்லை, அது சதைக்குப் பாதுகாப்பு.

வாங்கும்போது மூன்று விஷயம் பார்ப்பேன். தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். ஓடு கையில் வழுக்காமல் விறைப்பாக இருக்க வேண்டும். மூக்கைக் குத்தும் அமோனியா வாடை வரக் கூடாது. தலையிலோ ஓட்டின் ஓரத்திலோ கருப்புப் புள்ளி இருந்தால் உடனே கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. வெட்டிய ஆப்பிள் கறுப்பதைப் போன்ற மாற்றம்தான் அது. ஆனால் பிடித்து நேரமாகிவிட்டது என்பதற்கு அடையாளம், அதனால் மேலே சொன்ன மூன்றையும் கூடுதலாகக் கவனிப்பேன். இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது வனாமி என்கிற வளர்ப்பு இறால். இந்தியாவில் 2009இல் அனுமதி கிடைத்துப் பரவியது. ஓடு மெல்லியது, உரிக்கச் சுலபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், அந்த நாட்களில் கடல் இறால் குறைந்து வளர்ப்பு இறால்தான் நிறைய வரும். கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள்: முழுசாக ஒரு கிலோ வாங்கினால் தலையும் ஓடும் போக அரைக் கிலோவுக்குச் சற்று முன்னே பின்னே நிற்கும். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு அது ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும்.

சுத்தம் செய்வதில் அம்மாயியிடம் கற்ற ஒரு பழக்கத்தை நான் விடவே மாட்டேன். கழுவுவதை ஓட்டோடேயே முடித்துவிட வேண்டும். கல் உப்பு போட்டு அலசி, அரிசி களைந்த தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் ஒரு முறை. அதன் பிறகுதான் உரிக்க வேண்டும். உரித்த இறாலைத் தண்ணீரில் ஊற வைத்து ஊற வைத்துக் கழுவினால் அதன் இனிப்பெல்லாம் தண்ணீரோடு போய்விடும். உரித்த பின் ஒரே ஒரு அலசல் போதும். உரிக்கும்போது தலையைத் திருகி எடுங்கள். நெற்றியில் நீட்டிக்கொண்டிருக்கும் முள் விரலைக் குத்தும், கவனம். வயிற்றுப் பக்கம் கால்களுக்கு நடுவில் கட்டைவிரலை விட்டுப் பிரித்தால் ஓடு வளையம் வளையமாகக் கழன்று வரும்.

முதுகில் தெரியும் கருப்புக் கோட்டை நரம்பு என்று சொல்கிறோம், ஆனால் அது குடல். உள்ளே மண்ணும் கழிவும் இருக்கும், பல்லில் நறநறக்கும். முதுகை லேசாகக் கீறி நுனியைப் பிடித்து இழுத்துவிடுங்கள். வயிற்றுப் பக்கம் ஓடும் வெள்ளை இழைதான் உண்மையான நரம்பு. அதை எடுக்க வேண்டியதில்லை.

சரி, எப்போது ஓட்டோடு, எப்போது உரித்து? நான் இறாலின் அளவையும், செய்யப் போகும் பண்டத்தையும் பார்ப்பேன். கிலோவுக்கு இருபது நிற்கிற பெரிய இறாலை எண்ணெயில் நேரடியாக வறுக்கப் போகிறேன் என்றால் ஓட்டோடுதான். சூடான இரும்புக் கல்லில் சதை நேராகப் படாமல் ஓடு தாங்கிக்கொள்கிறது, உள்ளே ஈரம் நிற்கிறது. அதற்கு ஒரு வழி: கத்தரிக்கோலால் முதுகு ஓட்டை நீளவாக்கில் வெட்டி, குடலை உருவிவிட்டு, அந்தப் பிளவு வழியாக மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இடித்த பூண்டு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்ததைத் தடவுங்கள். வெட்டாமல் ஓட்டின் மேலேயே மசாலா தடவினால் சாப்பிடும்போது மசாலா விரலில்தான் இருக்கும், சதைக்குள் எட்டியிருக்காது. தோசைக்கல்லில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும்.

மறுகோடியில் மிகச் சிறியதும் ஓட்டோடுதான். சென்னாக்கூனி என்கிற பொடி இறாலை யார் உரிக்கிறார்கள்? வெறும் சட்டியில் வறுத்துத் தேங்காய், வரமிளகாய், புளியோடு துவையல் அரைத்தால் ஓடு, மீசை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மணம். கொழும்பு காலிமுகத்திடலில் விற்கிற இறால் வடையிலும் பருப்பு வடை மேல் இறாலை ஓட்டோடு பதித்துத்தான் பொரிக்கிறார்கள், மொறுமொறுவென்று அப்படியே கடித்துச் சாப்பிடலாம்.

இடைப்பட்ட அளவுக்கு, அதாவது நம் வீடுகளில் அதிகம் வாங்குகிற கிலோவுக்கு 40, 50 நிற்கிற இறாலுக்கு, உரிப்பதே நல்லது. தொக்கோ, முருங்கைக்காய் போட்ட குழம்போ, சோற்றில் பிசைந்து சாப்பிடும்போது ஓடு துப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் உரித்த தலையையும் ஓட்டையும் குப்பையில் போடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காசு கொடுத்து வாங்கியதில் பாதி அங்கே இருக்கிறது, ருசியில் பாதிக்கு மேலே இருக்கிறது.

தலையில் கண்ணுக்கு முன்னால் உள்ள பகுதியைக் கத்தரித்துவிட்டு, மண் இருந்தால் அலசிக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று இருப்பதை எறிய வேண்டாம், அதுதான் மணம். சட்டியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டுத் தலையையும் ஓட்டையும் சிவக்க வறுங்கள். எண்ணெயே செம்மஞ்சளாக மாறும். பச்சை இறால் சாம்பல் நிறமாகத் தெரிவதற்குக் காரணம், அதன் சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்திருப்பது. சூடு பட்டதும் அந்தப் பிணைப்பு விட்டு நிறம் வெளியே வருகிறது. அந்த நிறமி எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால்தான் நேராகத் தண்ணீரில் வேக வைக்காமல் முதலில் வறுக்கச் சொல்கிறேன். வறுத்ததும் தட்டிய பூண்டு, மிளகு, சீரகம் போட்டு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, கரண்டியால் நசுக்கி வடிகட்டுங்கள். குழம்புக்குத் தண்ணீருக்குப் பதில் இதை ஊற்றுங்கள். அல்லது கொஞ்சம் புளியும் தக்காளியும் சேர்த்து ரசமாக வையுங்கள். இறாலே சாப்பிட்டுப் பழகாத என் மாமியார், நான் முதன்முதலாக வைத்த அன்று எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணு, தலையெல்லாமா போடுவீங்க?" என்று தயங்கினார். இப்போது அவருக்குச் சளி பிடித்தால் கோழி ரசத்துக்கு முன் இதைத்தான் கேட்கிறார்.

இனி ரப்பர் விஷயம். நம் வீடுகளில் உரித்த இறாலை மஞ்சள், உப்பு போட்டு வாணலியில் விட்டு, அது விடும் தண்ணீர் முழுதும் வற்றும்வரை வதக்கி, பிறகு மசாலாவில் போட்டு மறுபடி பத்து நிமிடம் கொதிக்க வைக்கும் பழக்கம் உண்டு. ஆட்டுக்கறிக்கு நேரம் ஆக ஆக மென்மை வரும். இறாலுக்கு நேரம் ஆக ஆக ஈரம் போய்ச் சதை சுருங்கிக் கெட்டியாகும். நான் செய்வது இப்படி: மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் பிரட்டிப் பதினைந்து நிமிடம் வைத்த இறாலைச் சூடான எண்ணெயில் போட்டு இரண்டே நிமிடம் புரட்டித் தட்டில் எடுத்துவிடுவேன். அது விட்ட தண்ணீர் சட்டியிலேயே இருக்கட்டும். அதில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி பூண்டு, தக்காளி, தூள் எல்லாம் போட்டு எண்ணெய் பிரியும்வரை பொறுமையாக வதக்குங்கள். தொக்கு முழுதாகத் தயாரான பிறகு இறாலைத் திருப்பிப் போட்டு, இன்னும் இரண்டு நிமிடம் வைத்து நன்றாக வெந்ததும் இறக்குங்கள். கண்ணாடி மாதிரி இருந்த சதை உள்வரை வெள்ளையும் சிவப்புமாக மாறி, பாதி வட்டமாக வளைந்தால் வெந்துவிட்டது. வால் தலைப்பக்கத்தைத் தொட்டு முழு வட்டமாகச் சுருண்டுவிட்டால் நேரம் கடந்துவிட்டது. முருங்கைக்காய்க் குழம்பிலும் இதே முறைதான், காய் வெந்து புளிப் பச்சை வாடை போன பிறகு கடைசியில் இறால்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் தங்கை மகனுக்கு இறால் சாப்பிட்டு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துப் போய் இரவில் மருத்துவமனைக்கு ஓடினோம். ஒவ்வாமையைத் தூண்டும் அந்தப் புரதம் வேக வைத்தாலும் அழியாது, வடிகட்டிய ஓட்டுச் சாற்றிலும் வந்துவிடும். விருந்தாளிக்குப் பரிமாறும்போது ரசத்தில் இறால் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மிச்சமானால், உரித்த பச்சை இறாலை ஒரு டப்பாவில் போட்டு மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள், காய்ந்து போகாது. முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் பதமாக இருக்கும். வடிகட்டிய ஓட்டுச் சக்கையை நான் ரோஜாத் தொட்டியில் ஒரு முழம் ஆழத்தில் புதைத்துவிடுவேன். மேலாகப் போட்டால் பூனை தோண்டிவிடும்.