காட்டுச் சாலையில் தனியாக ஆர்வி: உள்ளே போகும் முன் நடந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு 54 வயது. 24 அடி ஆர்வியை (படுக்கை, அடுப்போடு உள்ளேயே தங்கும் வண்டி) நானே ஓட்டுகிறேன். இதுவரை கட்டணம் கட்டும் கேம்ப்கிரவுண்டுகளில்தான் தங்கியிருக்கிறேன். வரும் அக்டோபரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடலோரக் காட்டில் மூன்று இரவு இலவசமாகத் தங்க ஆசை. தனியாகப் போகலாமா? எங்கே நிறுத்துவது?

தாராளமாகப் போகலாம். நீங்கள் தேடவேண்டிய இடம் சையூஸ்லா தேசிய வனம். டிலமூக் பக்கத்திலிருந்து கூஸ் பே வரை கடற்கரை மலைத்தொடரில் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. தடை இல்லாத இடங்களில் காசு கட்டாமல் தங்கலாம். ஒரே இடத்தில் பொதுவாக 14 நாள் வரை. 101 நெடுஞ்சாலையோரம் கடலைப் பார்த்தபடி இருக்கும் மாநிலப் பூங்கா வாகன நிறுத்தங்களில் மட்டும் இரவு தங்கக் கூடாது. கடலைப் பகலில் பாருங்கள், இரவுக்குச் சில மைல் உள்ளே ஏறிவிடுங்கள்.

வனத்துக்கு நடுநடுவே தனியார் மரக் கம்பெனிகளின் நிலமும் வரும். கூகுள் மேப்பில் இரண்டும் ஒரே பச்சைதான். அதனால் வனத்துறை இலவசமாகத் தரும் மோட்டார் வாகன வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி போக அனுமதி உள்ள சாலைகள் அதில் இருக்கும். அப்புறம் ஹீபோ அல்லது வால்ட்போர்ட்டில் உள்ள வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, "24 அடி வண்டி திரும்ப இடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். "எந்த இடம் அழகு?" என்று கேட்பதைவிட இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்கும்.

ஏனென்றால் உங்களுக்கு உண்மையான சவால் சாலைதான். இவை மரம் ஏற்ற வெட்டிய ஒற்றைத் தடச் சாலைகள். வார நாட்களில் விடியும் முன்பே லாரிகள் ஓடத் தொடங்கிவிடும், பாரத்தோடு சரிவில் இறங்கும் லாரி சட்டென்று நிற்காது. அதனால் முதல் தடவை ஞாயிறன்று போங்கள். மதியம் 3 மணிக்குள் போய்ச் சேருங்கள். கிளைச் சாலை கண்ணில் பட்டதும் வண்டியைத் திருப்பிவிடாதீர்கள். பெரிய சாலையில் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, கடைசிவரை நடந்து போய்ப் பாருங்கள். பின்னால் நின்று கை காட்ட ஆள் இல்லாதவருக்கு இந்த நடைதான் துணை.

நடக்கும்போது சாலையின் விளிம்பைக் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். ஜல்லி நறநறக்க வேண்டும். பாசி படர்ந்து, அழுத்தினால் தண்ணீர் கசிந்தால் அங்கே சக்கரம் படவே கூடாது. ஒருமுறை நான் புல்லைப் பார்த்துத் தரை என்று நம்பி ஏற்றினேன். பின்சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. மறுநாள் மதியம்தான் அந்த வழியாக ஒரு வண்டி வந்தது. அன்றிலிருந்து நடக்காமல் எந்தக் கிளைச் சாலையிலும் நான் நுழைந்ததில்லை.

இடம் சரி என்றால், முகப்பு வெளியே பார்க்கும்படி வெளிச்சத்திலேயே நிறுத்துங்கள். அண்ணாந்தும் பாருங்கள். பட்ட மரமோ, கிளையில் தொங்கும் முறிந்த கொம்போ இருந்தால் எவ்வளவு நல்ல இடமானாலும் விட்டுவிடுங்கள். அக்டோபரில் மழையும் புயல்காற்றும் தொடங்கிவிடும்.

அடர்ந்த மர நிழலில் சோலார் பலகையை நம்பாதீர்கள். ஹீட்டர் புரொப்பேனில் எரிந்தாலும் அதன் காற்றாடி பேட்டரியில்தான் ஓடுகிறது. 100 ஆம்பியர்-ஹவர் ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். காற்றாடி 7, 8 ஆம்பியர் இழுத்தால், விடாமல் ஓடும்போது ஆறேழு மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். கனமான போர்வை எடுத்துப் போங்கள். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துத் தூங்கவே தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானைக் கிளம்பும் முன் அழுத்திப் பாருங்கள். பின்பக்கம் அதன் காலாவதித் தேதியும் இருக்கும்.

கறுப்புக் கரடிகள் உண்டு. சாப்பாட்டையும் குப்பையையும் வெளியே வைக்காவிட்டால் பெரும்பாலும் அவை உங்களைத் தேடி வராது. மனிதர்களைப் பற்றிய பயமும் இருக்கும், நியாயம்தான். ஓட்டுநர் இருக்கையில் சாமான் வைக்காதீர்கள், சாவி எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் காரணம் தேடாமல் கிளம்பிவிடுங்கள்.

கடற்கரையில் இருக்கும்போது அலைக்கு முதுகு காட்டாதீர்கள். கரையில் கிடக்கும் பெரிய மரக்கட்டைகள் மேல் ஏறாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் வந்தாலே உருளும். கடலுக்கடியில் கேஸ்கேடியா என்ற நிலநடுக்கப் பிளவு இருக்கிறது. 1700 ஜனவரியில் சுமார் 9 அளவில் அதிர்ந்து சுனாமியைக் கிளப்பியது. தரை பலமாக ஆடினால் எச்சரிக்கைக்குக் காத்திருக்காமல், ஆட்டம் நின்றதும் மேட்டை நோக்கி நடந்துவிடுங்கள்.

உள்ளே போன் சிக்னல் இருக்காது. செயற்கைக்கோள் மெசேஜ் கருவி வைத்திருங்கள், ஆனால் அதற்கு வானம் திறந்த இடம் வேண்டும். கிளம்பும் முன் நம்பகமான ஒருவரிடம் சாலை எண்ணையும் வண்டி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். "புதன் மதியம் 2 மணிக்குள் நான் கூப்பிடாவிட்டால் அந்தக் கவுண்டியின் (மாவட்டத்தின்) காவல் அதிகாரி ஷெரிஃபுக்குச் சொல்லு" என்று நேரத்தோடு சொல்லுங்கள். இடத்தை மாற்றினால், சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு இறங்கி வந்து புதிய சாலை எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த சாலையில் ஏற வேண்டும்.