ஐம்பதுக்கு மேல் சரளி வரிசை

வாசகர்களின் கேள்விகளுக்குக் காரைக்குடியில் வீணை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை பதில் எழுதுகிறார்.

கேள்வி: எனக்கு 58 வயது. எங்கள் ஆயா (பாட்டி) வாசித்த வீணை வீட்டின் இரண்டாம் கட்டில் உறை போட்டுக் கிடந்தது. அதை எடுத்து ஆறு மாதமாகக் கற்றுக்கொள்கிறேன். முதல் பாடமான சரளி வரிசையையே தாண்டவில்லை. நான் வாசிப்பது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. இந்த வயதில் இது நமக்கு வராது என்று விட்டுவிடலாமா?
வாசகி, தேவகோட்டை

பதில்: விட்டுவிடாதீர்கள் ஆச்சி. கேட்கச் சகிக்கவில்லை என்கிறீர்களே, அதுவே எனக்கு நம்பிக்கை தருகிறது. எட்டு வயதுப் பிள்ளை சுருதி விலகி வாசித்தாலும் அதற்குத் தெரியாது, சந்தோஷமாக அடுத்த வரிசைக்குப் போய்விடும். உங்களுக்கோ கல்யாண வீட்டு நாகசுரமும் ரேடியோக் கச்சேரியும் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. காந்தாரம் (‘க’ சுரம்) கொஞ்சம் பிசகினாலும் சுருக்கென்று தைக்கிறது. காது எங்கேயோ போய் நிற்கிறது, விரல் இப்போதுதான் கிளம்புகிறது. என்னிடம் வந்த பெரியவர்களில் பாதியில் நின்றவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றார்கள்.

ஆனால் குற்றத்தை முழுக்க உங்கள் விரல்மேல் போடுவதற்கு முன் வீணையைப் பாருங்கள். அதற்கு மேளம் கட்டி, அதாவது மெட்டுகளைச் சுரத்துக்குச் சரியாக மெழுகில் பதித்து, எத்தனை வருஷமாயிற்று? வீணையில் தந்திக்கு அடியில் குறுக்கே வரிசையாக நிற்கும் 24 மெட்டுகளும் தேன்மெழுகு கலந்த கறுப்பு மெழுகில் பதிந்து நிற்பவை. நம்ம ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அந்த மெழுகு இளகும், மெட்டு நகரும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் காய்ந்து வெடிக்கும். சோதிப்பது சுலபம். சாரணித் தந்தியை (முதல் தந்தி) வெறுமனே மீட்டுங்கள், அது ஸ. பிறகு 12ஆம் மெட்டில் வைத்து மீட்டுங்கள், அதே ஸ மேல் ஸ்தாயியில் பொருந்தி ஒலிக்க வேண்டும். ஏழாவது மெட்டில் பஞ்சமம் (ப) சேர வேண்டும். சேரவில்லை என்றால் மேளம் கட்டத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். அதுவரை அந்த வீணையில் சாதகம் செய்ய வேண்டாம். பிசகிய சுரம் காதில் ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம்.

வீணை சரியாக இருந்தால் அடுத்து இடது கையைக் கவனியுங்கள். மெட்டுகள் மெழுகுக்கு மேலே உயரமாக நிற்பதால், விரல் பலமாக அழுத்தினால் தந்தி இறுகி சுரம் ஏறிவிடும். புதிதாக வரும் பெரியவர்கள் எல்லாருமே பயத்தில் அழுத்துவார்கள். மெட்டை ஒட்டினாற்போல் விரலை வைத்து, ஒலி தெளிவாக வரும் அளவுக்கு மட்டும் அழுத்திப் பாருங்கள்.

சரளி வரிசை பழகும் ராகமான மாயாமாளவகௌளையில் ஸ வெறும் தந்தி. ரி முதல் மெட்டு, க நாலு, ம ஐந்து, ப ஏழு, த எட்டு, நி பதினொன்று, மேல் ஸ பன்னிரண்டு. ‘ரி’யிலிருந்து ‘க’வுக்கும், ‘த’விலிருந்து ‘நி’க்கும் கை தாவ வேண்டும். ஆரம்ப மெட்டுகளுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். நீங்கள் தடுமாறுவது இந்த இரண்டு தாவலில்தான் என்று நினைக்கிறேன். முழு வரிசையையும் ஓட்டாமல் ‘ரி க, ரி க’ என்றே கொஞ்ச நேரம் போங்கள். முதலில் வாயால் பாடுங்கள், பிறகு விரலை வையுங்கள். காலையில் கால் மணி, மாலையில் கால் மணி போதும். ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் மறுநாள் தோள் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: முழங்கால் வலியால் சம்மணம் போட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தால் குற்றமா?
வாசகர், கோட்டையூர்

பதில்: ஒரு குற்றமும் இல்லை. நம் ஊர்ப் பெயரை உலகறியச் செய்த காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்திப் பிடித்தே வாசித்தார். தம்பி சாம்பசிவய்யர் படுக்கை வாட்டில் வைத்து வாசித்தார். ஒரே வீட்டில், ஒரே மேடையில் இரண்டு விதமும் இருந்தது. நீங்கள் உயரம் குறைந்த பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்து, வீணையின் குடம் உட்கார உங்கள் வலப்பக்கம் அதே உயரத்தில் ஆடாத பலகை போட்டுக்கொள்ளுங்கள். மறுமுனையில் இருக்கும் சுரைக்காய் இடது தொடையில் வந்து உட்கார வேண்டும். குனிந்து மெட்டைப் பார்க்கும்படி மட்டும் அமைத்துவிடாதீர்கள், கழுத்து போய்விடும்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. தந்தி பட்டு விரல் நுனி எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் போதுமா?
வாசகி, பள்ளத்தூர்

பதில்: எண்ணெய் விரல் வழுக்கி ஓடுவதற்கு. புண்ணுக்கு அது மருந்து ஆகாது. மற்றவர்களுக்கு இடது ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சில வாரத்தில் காய்ப்பு ஏறிவிடும், எரிச்சல் அடங்கிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில சமயம் விரல் மரத்துப்போய், வெட்டுப்பட்டதே தெரியாது, ஆறவும் நாளாகும். அதனால் வாசித்து முடித்ததும் கை கழுவி, வெளிச்சத்தில் விரல் நுனியைப் பாருங்கள். கீறல் இருந்தால் ஆறும்வரை வீணையைத் தொட வேண்டாம், அந்த நாளில் வரிசைகளைப் பாடிப் பழகுங்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமும் வீணை பழகுவதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: யூடியூப் பார்த்தே படித்துவிடலாம் என்கிறான் மகன். சரியா?
வாசகர், புதுவயல்

பதில்: கேட்பதற்கு யூடியூப் நல்லது, சுருதிப் பெட்டிக்குப் பதில் செல்போன் செயலியும் சரிதான். ஆனால் உங்கள் மணிக்கட்டு மடங்கியிருக்கிறதா, மீட்டும் விரல் தந்தியைக் கொத்துகிறதா என்று அது சொல்லாது. தொடக்கத்தில் சில மாதமாவது ஒருவர் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்புறம் வீடியோ அழைப்பில் தொடரலாம். வகுப்புக்கு வீணையைக் காரில் கொண்டுபோனால், உச்சி வெயிலில் காருக்குள்ளேயே வைத்துவிட்டு எங்கும் இறங்கிப் போய்விடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.